ஆறு செட்டும் ஆறு சிறுபொழுதும்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியோடு இந்த ஆய்வைத் தொடங்குகிறேன். ஆய்வுப் பொருள்: ஆறு வாக்கி டாக்கிகள். ஆலை வழக்கில் 'செட்டு'. ஆய்வுக் களம்: மெயின் கேட்டை ஒட்டிய மேசை. ஆய்வுக் காலம்: ஷிப்டு மாறும் ஐந்து நிமிடம். எட்டு மணி நேரம் வாயாடிய செட்டு அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஊமையாகிறது என்பது என் கருதுகோள். குறிப்புகளை எல்லாம் செல்போனிலேயே எடுத்தேன். எத்தனை நைட் ஷிப்டு விழித்தாலும் அது ஒருநாளும் பாதியில் அணைந்ததில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

முதலில் பொழுது. ஆலையில் சங்கு ஊதுவது காலை 6, பகல் 2, இரவு 10. பள்ளியில் படித்த சிறுபொழுதை இங்கே நினைவுகூர்க: காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2, எற்பாடு 2 முதல் 6, மாலை 6 முதல் 10, யாமம் 10 முதல் 2, வைகறை 2 முதல் 6. ஷிப்டுக்குச் சரியாக இரண்டு சிறுபொழுது! முதன்முதலில் ஆலைச் சங்கை ஊதியவர் பொருளதிகாரம் கற்றவராகவே இருக்க வேண்டும் என்பது என் துணிபு. மறுப்பார் மறுக்க.

பொழுது பொருந்தினால் உரிப்பொருளும் பொருந்த வேண்டுமே? பொருந்துகிறது. பகல் 2 மணியோடு முடியும் நண்பகல் பாலைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். கொக்கி உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருக்கும் மூன்றாம் செட்டின் பேட்டரி கழன்று விழுவது அப்போதுதான். அடுத்து வரும் எற்பாடு நெய்தல். "கண்ட்ரோல்... கண்ட்ரோல்... கேக்குதுங்களா?" என்று குடோன் பக்கமிருந்து வரும் இரங்கல் ஒலியைக் கேட்டவர்கள் கடற்கரையைத் தேட மாட்டார்கள். இரவு 10க்கு முந்தைய மாலை முல்லை. ரிலீவர் வரும்வரை ஆற்றி இருத்தல். பிறகு யாமம், குறிஞ்சி, செட்டும் சார்ஜரும் கூடும் பொழுது. வைகறை மருதம். மருதத்துக்கு உரியது ஊடல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆறு மணிக்கு கேட்டுக்கு வந்து பாருங்கள்.

"ஏனுங்ணா, நைட்டெல்லாம் சார்ஜ் போட்டீங்களா இல்லீங்களா?"

"போட்டனே. பச்சை லைட்டு எரிஞ்சுதே."

"எரிஞ்சா இப்படி ஒரு கட்டைதான் காட்டுமா?"

"அந்த பேட்டரி என்னுதில்லை தம்பி. அது ரெண்டாம் ஷிப்டுது."

இந்தக் கடைசி வாக்கியம் ஆராய்ச்சிக்குரியது. ஆறு பேட்டரியும் ஒரே அச்சு. எது யாருடையது என்று பிரமனுக்கும் தெரியாது. ஆகவே தேய்ந்த பேட்டரி எப்போதும் முந்தைய ஷிப்டைச் சேர்ந்தது. முந்தைய ஷிப்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும். பெயிண்டால் எண் எழுதி, செட்டையும் பேட்டரியையும் ஒரே எண்ணில் ஜோடி சேர்த்து, வாங்கிய மாதத்தையும் குறித்தால் இந்தச் சிக்கல் தீரும். நான் எழுதினேன். மறுநாளிலிருந்து நான்காம் எண் பேட்டரிக்காகச் சண்டை.

பேட்டரி பற்றிய மரபுவழி அறிவில் ஒரு பாடபேதமும் உண்டு. "முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று மூத்த காவலர் இளையவருக்கு ஓதுவார். இது நிக்கல் காட்மியம் காலத்துச் சுவடி. அந்தப் பேட்டரியைப் பாதி பாதியாக ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பாதியே முழுது என்று பழகிவிடும் என்ற பயத்தில் எழுந்த விதி. இப்போது எங்களிடம் இருப்பவை லித்தியம் அயான், 7.4 வோல்ட். இவற்றை அடிவரை வற்ற விடுவதுதான் கெடுதல். ஏடு மாறிவிட்டது, உரை மாறவில்லை. பச்சை விளக்கையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. பேட்டரி தன்னால் இயன்றதைக் குடித்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். நாலு வருஷக் கிழட்டுப் பேட்டரி கால் டம்ளர் குடித்துவிட்டுப் பச்சை காட்டும்.

நூற்பாலைக்கே உரிய எதிரி பஞ்சு. கார்டிங்கில் பறக்கும் பஞ்சு மைக் ஓட்டையில் புகும், ஸ்பீக்கர் வலையில் படியும், சார்ஜர் குழியின் அடியில் மெத்தை விரிக்கும். அந்த மெத்தைமேல் செட்டை வைத்தால் செம்பு முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இரவெல்லாம் ஏங்கிக் கிடக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க அரை நிமிடம் போதும். வாயால் ஊதுவது நம் வழக்கம். ஊதினால் எச்சிலும் சேர்ந்து போகும். இன்னொரு வழக்கம், செட்டை ஏரியலைப் பிடித்துத் தூக்குவது. அது கைப்பிடி இல்லை என்று மூன்று முறை சுற்றறிக்கை ஒட்டினேன். சுற்றறிக்கையை ஒட்டியவரும் செட்டை அப்படித்தான் பிடித்திருந்தார்.

சேனல் குமிழும் வால்யூம் குமிழும் உச்சந்தலையில் பக்கத்துப் பக்கத்தில் முளைத்திருக்கும். சத்தம் வைக்கிறேன் என்று ஒருவர் திருப்ப, செட்டு ஏழாம் சேனலுக்குப் போய்விடும். அங்கே யாரும் இல்லை. அவர் அன்று நிம்மதியாக இருந்தார்.

இனி சொற்பொருள். வாக்கி டாக்கியில் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க மட்டுமே முடியும். ஒரே அலைவரிசையில் இப்படி மாறி மாறிப் பேசுவதற்கு சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். எங்கள் ஆலையில் சிம்ப்ளெக்ஸ் என்பது டிராயிங்குக்கும் ஸ்பின்னிங்குக்கும் நடுவே நிற்கும் எந்திரம். செட்டு சரிசெய்ய வந்த பையன் "எல்லாம் சிம்ப்ளெக்ஸ்லதான் ஓடுதா?" என்று கேட்க, ஃபிட்டர் "ரெண்டு மிசின் நிக்குது" என்றார். இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள். 'ரோஜர்' என்பதும் ஆள் பெயர் அன்று. 'கிடைத்தது' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்குப் பழைய வயர்லெஸ் நெடுங்கணக்கில் வைத்த பெயர். 1956இல் அந்த எழுத்து 'ரோமியோ' ஆகிவிட்டது. ரோஜர் மட்டும் வேலையை விடவில்லை. எங்கள் கேட்டில் இரண்டும் இல்லை. "சரிங்" என்றால் முடிந்தது.

பேசும் பட்டன் அமுங்கிய நிலையில் செட்டின்மேல் உட்கார்ந்துவிடும் குற்றமும் உண்டு. ஒருவர் அப்படி உட்கார்ந்த பதினோரு நிமிடத்தில் சூப்பர்வைசரின் குலம் கோத்திரம் அனைத்தும் எல்லாத் துறைகளுக்கும் ஒலிபரப்பானது. மறுப்புத் தெரிவிக்க சூப்பர்வைசருக்கு வழியில்லை, சேனல் காலியாக இல்லை. ஒரு நிமிடத்துக்குமேல் பேசினால் தானே அறுந்துவிடும்படி செட்டில் அமைக்கலாம். அமைத்தோம். சூப்பர்வைசர் செலவில்.

இரண்டாம் உலகப் போரில் முதுகில் சுமந்த வாக்கி டாக்கி 15 கிலோவுக்கு மேல் எடை. அதை யாரும் மறந்துபோய் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்க முடியாது. எங்கள் ஐந்தாம் செட்டு இடுப்பிலேயே டவுன் பஸ் ஏறியது. "மெயின் கேட், நீங்க எங்க இருக்கீங்க?" என்றதற்கு "ஸ்டாண்டிங்ல" என்று பதில் வந்தது. அடுத்த ஸ்டாப்பில் கரகரப்பு. அதன்பின் மௌனம்.

ரிஜிஸ்டரில் மூன்று ஷிப்டும் எழுதும் ஒரே உரை: 'எல்லாம் நார்மல்'. இதைப் பற்றி மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். இரவு ஷிப்டு பகல் ஷிப்டுக்கு விட்டுச்சென்ற குறிப்பு ஒற்றை வரி என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. எங்களுக்கு புளோ ரூமில் ஒரு பொறி போதும். அதனால் ஒரு விதி செய்தோம்: செட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் ஒருமுறை கண்ட்ரோலைக் கூப்பிட, வாங்குபவர் காதால் பதிலைக் கேட்க வேண்டும். பிறகுதான் கையெழுத்து.

விதி வந்த பிறகும் காலை 6 மணி ஊடல் ஓயவில்லை. எண் இருக்கிறது, முனை பளபளக்கிறது, சார்ஜர் புதுசு. பேட்டரி மட்டும் ஒரு கட்டை. ஒரு யாமத்தில் ஒளிந்திருந்து பார்ப்பது என்று சூப்பர்வைசர் முடிவு செய்தார். மறுநாள் ரிஜிஸ்டரில் முதன்முறையாக நார்மல் அல்லாத குறிப்பு ஒன்று இருந்தது: 'இரவு 11.20. செட்டு 6, சரி. பேட்டரி 6, சரி. சார்ஜர் பிளக் பிடுங்கப்பட்டு, அந்த இடத்தில் டைம் ஆபீஸ் செல்போன் ஒன்று.'

ஆய்வாளரின் செல்போன் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.