ஓப்பன் ஆகலீங்க: கொங்கு நாட்டுக் கணக்குக் கோப்புகளின் நோய்க்குறி ஆய்வு

கணினியில் கணக்குக் கோப்புக்கு என்ன கேடு என்று அறிய உலகம் பிழை எண்களை நம்புகிறது. கோவையில் அதற்கு அவசியமில்லை. கடைக்காரர் ஃபோனில் எத்தனை ‘ங்க’ போடுகிறார் என்று எண்ணினால் போதும்; இதுவே இக்கட்டுரையின் துணிபு. காந்திபுரம், கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் மோட்டார் பம்பு, உதிரிபாகக் கடைகளில் பில்லிங் மென்பொருள் பழுது பார்த்துத் திரிந்ததே இதன் தரவு. முறையான கணக்கெடுப்பு நடத்தவில்லை. நடத்தினால் டீச்செலவை யார் தருவது?

திணையை முதல், கரு, உரி எனப் பகுப்பது நம் மரபு. நிலம்: கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே. பொழுது: மாதத்தின் 19ஆம் தேதி மாலை, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு மறுநாளே கெடு. கருப்பொருள்: பேட்டரி செத்த யூபிஎஸ், டீ கிளாஸ், எலி ருசிபார்த்த நெட்வொர்க் கேபிள். உரிப்பொருள்: இரங்கல். நெய்தலுக்கு உரியது கடலே இல்லாத கோவைக்கு எப்படி வந்தது என்பது தனி ஆய்வு.

‘பில்லு ஓப்பன் ஆகலை’ என்று வந்தால் பேசுவது கடைப்பையன். ‘ங்க’ இல்லை, நோயும் சிறிது. ஆக்சஸ் கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் .எல்டிபி என்றொரு பூட்டுக் கோப்பு முளைத்து, உள்ளே யார் யார் என்று குறித்துக்கொள்ளும். கடைசி ஆள் வெளியேறினால் அதுவும் மறையும். கரண்ட் போய் நின்றால் மறையாது. ஆள் போன பிறகும் செருப்பு வாசலில் கிடப்பது மாதிரி. எல்லாரும் வெளியேறினார்களா என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

‘ஓப்பன் ஆகலீங்க’ என்றால் பெரும்பாலும் இண்டெக்ஸ் கெட்டிருக்கும். ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் ரீஇண்டெக்ஸ் கட்டளை போட்டுவிட்டு டீ குடிக்கலாம்.

‘ஏனுங்க, சித்த வந்துட்டுப் போங்க, ஓப்பன் ஆகலீங்க.’ மூன்று. (‘போங்க’வில் இருப்பது ஏவல் விகுதிதானே, மரியாதையில் சேருமா என்று இலக்கணிகள் கேட்கலாம். கடைக்காரருக்கு அதற்கு நேரமில்லை.) இது தலைப்பு நோய். ஃபாக்ஸ்புரோவின் .டிபிஎஃப் கோப்பின் தொடக்கத்திலேயே, மொத்தம் எத்தனை பதிவு என்று நான்கு பைட்டில் எழுதியிருக்கும். புது பில் வாலில் ஏறிவிட்டது. தலையில் எண்ணைத் திருத்துவதற்குள் கரண்ட் போய்விட்டது. உள்ளே 5,001 பேர், வாசல் பலகையில் 5,000. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் பிந்தைய பதிப்புகள் இதைக் கண்டால் திறக்கவே மாட்டா. கடைக்காரர் ‘எல்லாம் போச்சு’ என்பார். ஒன்றும் போகவில்லை. கோப்பின் நீளத்தில் தலைப்பைக் கழித்து, ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தால் உண்மை எண்ணிக்கை வந்துவிடும். அதைத் தலையில் எழுதினால் கடை திறந்துகொள்ளும்.

இனிக் காரணம். மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த 2012ஐ எல்லாரும் பழிப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. நேரம் சொல்லிப் போன கரண்ட் கோப்புகளை அவ்வளவாகக் கொல்லவில்லை. இமைப்பொழுது போய்த் திரும்பியதே கொன்றது. மூன்றாவது வகைக் காரணத்தை ஒரு கடையில் நேரில் கண்டேன். இரவு எட்டரைக்குப் பெரியவர் சூடம் காட்டினார், கும்பிட்டார், மெயின் சுவிட்சை இறக்கினார்.

“ஐயா, கம்ப்யூட்டரை முதல்ல ஷட் டவுன் பண்ணோணுமுங்க.”

“மெயினையே ஆஃப் பண்ணியாச்சுங்களே. அதுக்கு மேல என்னத்த பண்றது?”

இதற்கு மறுமொழி சொல்லும் நூல் எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. காலையில் அதே பெரியவர்தான் கூப்பிட்டார்: “நான் ஒண்ணும் பண்ணலீங்க.” பேக்கப் இருக்கிறதா என்றேன். இருந்தது; அதே கம்ப்யூட்டரில், டி டிரைவில்.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கெட்ட கோப்பைத் தொடுமுன் அதை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ரீஇண்டெக்ஸ் பிறகு. ஃபாக்ஸ்புரோவின் ‘பேக்’ கட்டளையை மட்டும் நீங்களாகத் தட்டாதீர்கள். அழிப்புக்குறி இட்ட பதிவுகள் அதைத் தட்டும்வரை கோப்பிலேயேதான் கிடக்கும், அதற்குப் பின் கிடைக்கா. ‘சித்த வந்துட்டுப் போங்க’ என்பதை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாமுங்க.