தட்டுவடை செட்டுக்கு வினாத்தாள் அமைத்தல்: ஒரு முன்னாய்வு

சுவைக்கு மதிப்பெண் போட ஒன்பது படி அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்கப் படைவீரர்களுக்கு எந்த உணவு பிடிக்கும் என்று அறிய டேவிட் பெர்யமும் சகாக்களும் சிகாகோவில் இருந்த ராணுவ உணவு ஆய்வகத்தில் உருவாக்கியது. 'மிக மிகப் பிடித்திருக்கிறது' என்பது உச்சி, 'மிக மிகப் பிடிக்கவில்லை' என்பது அடி. சேலத்துத் தட்டுவடை செட்டை இதில் ஏற்றுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். இரண்டு சின்னத் தட்டுவடைகள். நடுவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மொத்தமும் ஒரே வாய். செவ்வாய்ப்பேட்டையில் யாராவது இதைக் கடித்துக் கடித்துத் தின்றால் வெளியூர்க்காரர் என்று குறித்துக்கொள்க.

சிக்கல் முதல் கேள்வியிலேயே தொடங்குகிறது. 'மொத்தத்தில் எப்படி இருக்கிறது?' என்பதை முதலில் கேட்க வேண்டும் என்கிறது சாஸ்திரம். மொறுமொறுப்பு, உப்பு, காரம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டுவிட்டு அதைக் கேட்டால், அதுவரை சும்மா தின்றவர் குறை தேட ஆரம்பித்துவிடுவார். நியாயம்தான். ஆனால் சட்னி அதுவரை காத்திருக்காது. தட்டில் நாலைந்து அடுக்கி வருகிறது. முதல் வாயில் நொறுங்கியது கடைசி வாயில் ஊறிப்போயிருக்கும். 'மொறுமொறுப்பு எப்படி?' என்ற கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பதில் மாறிவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களைக் கொண்டு ஆய்வு நடத்தினால் சேலத்தில் மொறுமொறுப்பே இல்லை என்று நிறுவிவிடலாம்.

ஆய்வகத்தில் நிறம் கண்ணை ஏமாற்றாதிருக்கச் சிவப்பு விளக்கு போடுவார்கள். அதன் கீழே பீட்ரூட்டும் கேரட்டும் ஒன்றாகிவிடும். தின்பவர் தமக்குப் பாதி செட்தான் வந்தது என்று சண்டைக்கு வருவார். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் தருவதும் வழக்கம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலுக்குத்தான் அடங்கும். தள்ளுவண்டியில் பால் கேட்டுப் பார்ப்பவரை ஆய்வாளர் தடுக்கவில்லை.

பாரபட்சம் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சாத்திய மாலையிலிருந்து வரும் வடையை இந்த அளவுகோலில் நிறுத்தவே கூடாது. எட்டு போடுபவரைக்கூட வீட்டில் விடமாட்டார்கள்.

காரம் பற்றிய கேள்வி இன்னும் மோசம். 'அதிகமா, குறைவா, சரியாக இருந்ததா?' என்று தின்ற பிறகு கேட்பது உலக நடைமுறை. வண்டிக்காரர் தின்பதற்கு முன்பே கேட்கிறார்: "காரம் தூக்கலா போடட்டுங்களா?" பதிலுக்கு ஏற்பச் சட்னி மாறுகிறது. ஆளுக்கொரு செட் தின்ற ஐம்பது பேரின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், யாருமே தின்னாத ஒரு செட்டின் சுவைதான் கிடைக்கும்.

எனவே வினாத்தாளை ஒரே கேள்வியாகச் சுருக்கி, அதை வண்டிக்காரரிடமே ஒப்படைக்கப் பரிந்துரைக்கிறோம்: "இன்னொண்ணு போடட்டுங்களா?" விடைகள் மூன்று. "போடுங்கண்ணா." "போதுங்க, எவ்ளோ ஆச்சு?" இவ்விரண்டிலும் குழப்பமில்லை. மூன்றாவது, "நொறுக்கல் ஒண்ணு குடுங்க." அதே தட்டுவடை, அதே சட்னி, உடைத்துக் கலந்தது. கேட்டவருக்கு செட் பிடித்ததா, அலுத்ததா? இவ்விடையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று ஆய்வுக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. முட்டை நொறுக்கல் என்றால் மட்டும் நாமக்கல் கணக்கில் எழுதிவிடுகிறோம்.