தென்காசிப் பாண்டியர்

கேள்வி: மதுரையை இழந்த பிறகு பாண்டியர் வம்சம் என்னதான் ஆனது? குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் தென்காசிக் கோபுரத்தைக் காட்டி ஏதேதோ சொல்கிறார்களே!

பதில்: மதுரை போனது, ராஜா பட்டம் போகவில்லை. 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தது, சுல்தான்கள் வந்தார்கள், விஜயநகரம் வந்தது. வந்தவர்கள் யாரும் திருப்பித் தருகிற ரகமில்லை. பாண்டியர்கள் தெற்கே தென்காசிப் பக்கம் நகர்ந்தார்கள். அருவிச் சாரலுக்குப் பக்கத்தில் ஒதுங்கியதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். கோபுரத்தை முடித்தது தம்பி குலசேகரன். பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று அண்ணன் கல்லிலேயே எழுதிவைத்தான். ஓட்டுக்காகக்கூட அல்ல, பிறக்காதவர்களுக்கு ஏது ஓட்டு? கும்பிடு வாங்கிய நாமோ, தீயில் சிதைந்த கோபுரத்தை நெடுங்காலம் மொட்டையாகவே விட்டுவைத்தோம். அது மறுபடி எழுந்து குடமுழுக்கு கண்டது 1990இல்.

வழிவந்தவர்கள் வாளைவிட எழுத்தாணியை அதிகம் பிடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டு அதிவீரராம பாண்டியர் நைடதம் எழுதினார். பிள்ளைகளுக்கு வெற்றிவேற்கையும் எழுதினார். உறவினர் வரதுங்கராமர் பிரமோத்தர காண்டம் பாடினார். பெரியவர்கள் ஒளித்துவைத்துப் படிக்கிற கொக்கோகமும் இதே குடும்பத்தின் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. எல்லா வயதுக்கும் சரக்கு வைத்திருந்தார்கள்!

இன்றைய வாரிசு யார் என்று அடுத்த வாரம் கேட்காதீர்கள். உரிமை கொண்டாடுவோர் ஏராளம். நான் டவுன் பஸ்ஸில் போகிறவன்.