மார்ட்டினிக்காரர்

பிரிட்டனில் பாயிண்ட் டூ டூ ரைபிள் சங்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் ஒரு மார்ட்டினிக்காரரும் உண்டு. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி 1950 முதல் செய்து விற்ற ‘மார்ட்டினி இன்டர்நேஷனல்’ துப்பாக்கிக்குச் சொந்தக்காரர். அடியிலுள்ள நெம்புகோலை இறக்கினால் உள்ளே அடைப்பு தாழும். ஒரே ஒரு தோட்டாவை விரலால் வைத்து மூடவேண்டும். விக்டோரியா அரசியின் படை 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் வாரிசு அது. இந்த வம்சாவளியை அவர் கேளாதவர்களுக்கும் சொல்வார்.

போயர் போரில் எதிரிகளின் குறி தப்பாததைக் கண்டு மிரண்டுபோய், உழைக்கும் மக்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க 1901இல் தொடங்கிய இயக்கத்தின் பிள்ளைகள் இந்தச் சங்கங்கள். இன்று அங்கே முதல் பயிற்சி, தரைவிரிப்பில் குப்புறப் படுப்பது. மார்ட்டினிக்காரருக்குப் படுப்பது எளிது. எழுவதுதான் போட்டி.

பக்கத்து விரிப்பில் ஓர் இளைஞர், அலுமினியக் கட்டை போட்ட ஜெர்மானிய அன்ஷூட்ஸ் துப்பாக்கியுடன். திருகினால் நீளும், தளர்த்தினால் உயரும், கன்னத்துக்குத் தாங்கி, தோளுக்குக் கொக்கி. பல் வைத்தியரின் நாற்காலி என்று அதற்கு மார்ட்டினிக்காரர் பெயர் வைத்திருப்பார்.

குளிர்கால ஆட்டம் கூரைக்கு அடியில், 25 கெஜத்தில். அட்டையில் பத்து இலக்குகள், இலக்குக்கு ஒரு குண்டு, முழு மதிப்பெண் 100. லீக் ஆட்டத்தில் சுட்ட அட்டை மதிப்பெண் பார்ப்பவருக்குத் தபாலில் போகும். எதிராளி எங்கோ வேறொரு ஊர்க் கொட்டகையில் படுத்துச் சுட்டிருப்பார். முகமே பாராமல் ஆண்டுக்கணக்கில் பகை வளர்க்க இதைவிடத் தோதான விளையாட்டு இல்லை. ஓட்டையின் வெளிவிளிம்பு கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி போயிற்று. தாண்டியதா என்று பார்க்க ஓட்டைக்குள் அளவுகோலைச் செருகி, பூதக்கண்ணாடியால் நோக்குவார்கள். 99 என்று பதில் வந்தால் மார்ட்டினிக்காரர் தபால்காரர் வரைக்கும் சந்தேகப்படுவார்.

98 என்றால் குற்றம் தோட்டாவின் மேல். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த தோட்டாத் தொகுதி, பிடிக்கும், ஒன்று பிடிக்காது. இதில் பொய் இல்லை. தேர்ந்த வீரர்கள் பல லாட்டுகளைச் சோதித்துப் பிடித்ததை மொத்தமாக வாங்குவார்கள். இவரும் அப்படித் தேர்ந்த டெனெக்ஸ் தோட்டாப் பெட்டி ஒன்றைப் பெரிய போட்டிக்கென்று பூட்டி வைத்திருப்பார். எந்தப் போட்டியும் அவர் கண்ணுக்குப் போதுமான அளவு பெரியதாகத் தெரிவதில்லை. ஆகஸ்டில் பிஸ்லி மைதானத்துக்குப் போனால் இன்னும் சௌகரியம்: 100 கெஜம், திறந்தவெளி, இரண்டரை கிராம் சொச்சமுள்ள ஈயக்குண்டு. காற்றைக் குறை சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

ஆனாலும் கடைசிக் காப்பீடு துப்பாக்கியின் வயதுதான். வென்றால் கிழட்டு இரும்பை வைத்தே வென்ற கை. தோற்றால் பாவம், கிழட்டு இரும்பு. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாள். இவர் கோணல் கூடத்தையே தேடிப்பிடித்து விலைக்கு வாங்கியவர்.

நல்ல நிலையிலுள்ள மார்ட்டினிக் குழல் 25 கெஜத்தில் இன்றும் நூறு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும், வெளியே சொல்வதில்லை. என்றாவது அந்த இளைஞர் ஆசையாகக் கேட்டு வாங்கி, அதே துப்பாக்கியால் முழு நூறு எடுத்துவிடுவதுண்டு. அன்றைக்கு அந்த லாட் தோட்டா அருமையானது என்று விளக்கம் கிடைக்கும்.