சட்டினியா, பத்தினியா?

கே: டி.வி. நன்றாகக் கேட்கிறதாம், நான் பேசுவது மட்டும் கேட்கவில்லையாம். என் வீட்டுக்காரருக்கு இருப்பது காதுக் கோளாறா, கல்யாணக் கோளாறா?
– வாசகி, திருவாரூர்

ப: டி.வி. சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டால், சந்தேகமே வேண்டாம், காதுதான். வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். அ, ஓ போன்ற உயிரோசைகள் கீழ் ஸ்தாயி என்பதால் தப்பிவிடும். ச, த, ப நழுவிவிடும். "சட்டினி போதுமா?" என்றால் "பத்தினிக்கு என்ன?" என்பார். பெண்கள், குழந்தைகள் குரலும் உச்ச ஸ்தாயி என்பதால் முதல் பலி நீங்களும் பேரப்பிள்ளைகளும்தான். கத்தாதீர்கள், முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

கே: போன செவித்திறன் திரும்பி வருமா?
– வாசகர், கரூர்

ப: அழுக்கு அடைப்பு, நடுக்காதில் நீர் என்றால் வரும். உட்காதில் போனது பெரும்பாலும் வராது. அங்கே ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள்தான்; செத்தால் மறுபடி முளைக்காது. தலைமயிர் கொட்டினாலாவது விக் உண்டு! மிச்சமிருப்பதையாவது சத்தத்திலிருந்து காப்பாற்றுங்கள்: வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெட்போன் பிரியர்கள் கவனிக்க.

கே: மூக்குக்கண்ணாடி போட்டதும் பளிச்சென்று தெரிகிறது. காது மெஷின் மாட்டினால் ஏன் தலைவலி?
– வாசகர், சிவகாசி

ப: நல்ல விழித்திரைக்கு ஒளியைத் திருத்தித் தருவது கண்ணாடி. மெஷினோ தேய்ந்துபோன உட்காதோடு மல்லுக்கட்ட வேண்டும். பல வருஷமாக ஃபேன் சத்தமும் பாத்திர ஓசையும் கேட்காமல் இருந்த மூளை, திடீரென்று கேட்டால் மிரளத்தான் செய்யும். முதலில் வீட்டுக்குள் தினமும் சில மணி நேரம் போடுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். அப்புறமும் இரைச்சலாக இருந்தால், அலமாரியில் பூட்டாமல் ஆடியாலஜிஸ்ட்டிடம் போய், உங்கள் ஆடியோகிராமுக்கு (செவித்திறன் வரைபடத்துக்கு) ஏற்றபடி மறுபடி செட் பண்ணச் சொல்லுங்கள்.

கே: தாத்தாவின் மெஷின் அடிக்கடி விசிலடிக்கிறது. பாட்டிக்குச் சங்கடம்!
– வாசகி, பழனி

ப: தாத்தா குற்றமற்றவர். காதுக்குள் செருகும் மோல்டு சரியாக உட்காவிட்டாலோ அழுக்கு அடைத்திருந்தாலோ, வெளியே கசியும் ஒலியை மைக் மறுபடி பிடித்துவிடும், அதுதான் விசில். கையோடு பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். துத்தநாக-காற்று வகை என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றாட வைத்துப் போடுங்கள். திரும்ப ஒட்டினால் மிச்சமாகும் என்று நினைப்பது வீண் சிக்கனம்.

கே: ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே?
– வாசகர், ஆம்பூர்

ப: அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் பெருக்கும் ஒலிபெருக்கி. உங்களுக்கு எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் தூக்கிக் கொடுப்பதுதான் காது மெஷின். பணம்தான் தடை என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தகுதியானவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள்.

கே: காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. எண்ணெய் காய்ச்சி விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: வடை சுடவா போகிறீர்கள்? எண்ணெயும் வேண்டாம், ஹேர்பின்னும் வேண்டாம். திடீர்ச் செவிட்டுத்தன்மை ஓர் அவசர நோய். சீக்கிரம் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் கேட்கும் திறன் மீள வாய்ப்பு உண்டு. நாள் போகப்போக அது குறையும். பதிலை இதோடு நிறுத்திவிட்டு, இன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.