ஊரடங்கில் ஒரு கேசட் மாமா

2020 மார்ச் 25-இல் ஊர் அடங்கியதும், அபார்ட்மெண்டுக்கு ஒருவராவது பரண் ஏறினார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்று சொல்லிக்கொண்டாலும் ஆபீஸ் தேடாத பதவியில் இருப்பவர். இறங்கும்போது தலையெல்லாம் ஒட்டடை, கையில் ஒரு டேப் ரெக்கார்டர், மஞ்சள் பை நிறைய டிடிகே 60 கேசட்டுகள். கேசட் மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

உள்ளே பெல்ட் நைந்து போயிருக்கும். ரிச்சி தெருவே பூட்டிக் கிடக்கிறது. மாமா அசர மாட்டார். கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவி மாட்டுவார். ஹெட்டைத் துடைக்க அந்தக் காலத்தில் ஸ்பிரிட், இப்போது சானிடைசர். “ஏங்க, கைக்கே இல்லாம அலைஞ்சு வாங்கினது!” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பட்டனை அமுக்கினால் ஜானகி அம்மா, மலேசியா வாசுதேவன் குரலில் பாடுவார். மாமாவுக்கு அதற்கும் கண் கலங்கும். “ராஜா ராஜாதான்யா!”

“எண்பத்திரண்டு மாதிரி ஒரு வருஷம் இனி வராதுடா” என்பார். ‘மூன்றாம் பிறை’, ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘நினைவெல்லாம் நித்யா’ மூன்றும் அந்த ஒரே வருஷம். இந்த விஷயத்தில் நானும் அவர் கட்சிதான்.

ஆனால் வீட்டில் அடைந்து கிடப்பவருக்கு எண்பதுகள் ஏன் இப்படிப் பொங்க வேண்டும்? கொஞ்சம் துருவினால் தெரியும். மாமா அப்போது டிகிரி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, கார்டு வரும் வரும் என்று நாலைந்து வருஷம் வீட்டோடு இருந்தவர். நாள் பூரா கைலி, பதினோரு மணிக்கு இரண்டாம் காபி, பகல் தூக்கம், ரேஷன் கியூ. 2020 ஏப்ரல் அச்சு அசல் அதேதான். போதாக்குறைக்கு, 1987-இல் போட்ட ராமாயணத்தை தூர்தர்ஷன் மறுபடி எடுத்துப் போட்டது. அன்றைக்கும் இந்தி புரியாமல் பார்த்தார், இன்றைக்கும் அப்படியே. அன்றைக்குத் திட்டியவர் அப்பா. இன்றைக்கு அந்தப் பொறுப்பு மாமிக்கு. மற்றபடி பொற்காலம் அப்படியே திரும்பிவிட்டது, சம்பளத்தோடு!

மகன் பொறுக்க மாட்டாமல் அதே பாட்டை போனில் போட்டுக் காட்டுவான். தூசி தும்பு இல்லாத சுத்தமான ஒலி. மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வருவார். இரண்டாவது சரணத்தில் முகம் கடுக்கும். அன்றைக்கு கேசட்டில் பதிந்து கொடுத்த கடைக்காரர், அரை மணி நேரப் பக்கத்தில் ஏழு பாட்டைத் திணித்ததில், கடைசிப் பாட்டு சரணத்தின் பாதியிலேயே டக்கென்று அறுந்துவிடும். முப்பது முப்பத்தைந்து வருஷமாக மாமாவுக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

“நிறுத்துடா” என்று போனைத் திருப்பிக் கொடுப்பார். “இதுக்கு மேல வர்றதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்க இஷ்டத்துக்குச் சேர்த்தது.”