அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?

காமராஜரைத் தோற்கடித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர் வரை பட்டென்று பதில் வரும்: விருதுநகர், மாணவர் தலைவர் சீனிவாசன், 1967. சரி, அதே தேர்தலில் அன்றைய முதலமைச்சரும் தோற்றாரே, அவரைத் தோற்கடித்தவர் யார்? பாதிப் பேர் "முதலமைச்சர் காமராஜர்தானே சார்?" என்பார்கள். மீதிப் பேர் போனை எடுப்பார்கள்.

முதலமைச்சர் பெயர் எம். பக்தவத்சலம். தொகுதி ஸ்ரீபெரும்புதூர். ஜெயித்தவர் தி.மு.க.வின் டி. ராஜரத்தினம். வித்தியாசம் 8,926 ஓட்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு முதலமைச்சரை அவருடைய சொந்த மண்ணிலேயே கவிழ்த்த மனிதருக்கு, ஒரு மார்க் கேள்வியாகக்கூட இடம் கிடைக்கவில்லை. அநியாயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய அநியாயம் பக்தவத்சலத்துக்கு. தோற்பதில்கூட காமராஜரைத் தாண்டி அவரால் பேர் வாங்க முடியவில்லையே!

சொந்த மண் என்று சும்மா சொல்லவில்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் நசரேத்பேட்டை. 1897-ல் அவர் பிறந்த ஊர் அதுதான். இன்று இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் அந்த வழியாகப் பறக்கின்றன. அவுட்டர் ரிங் ரோடு ஜங்ஷன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு முதலமைச்சர் பிறந்த ஊர் என்றால் டிரைவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

மனிதரின் பயோடேட்டா சொக்கத் தங்கம். வக்கீல். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்துக்குப் போனவர், 1942-ல் சிறைக்குப் போனவர். 1937-ல் ராஜாஜி ஆட்சியில் பார்லிமென்டரி செகரட்டரி, 1946-ல் அமைச்சர். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, அனுபவம் உள்ள அமைச்சர், முதல் பொதுத்தேர்தல்... 1952-ல் ஜெயிக்காமல் என்ன செய்வார் என்கிறீர்களா? தோற்றார். துணைக்கு முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும் தோற்றார் என்பதால் வெட்கம் கொஞ்சம் பங்கிடப்பட்டது.

அடுத்த காட்சி 1954. ராஜாஜி பதவி விலக, சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜர் ஒரு பக்கம், சி. சுப்பிரமணியம் மறுபக்கம். சி.எஸ். பெயரை முன்மொழிந்தவர் நம் பக்தவத்சலம். எண்ணிப் பார்த்தால் காமராஜருக்கு 93, சி.எஸ்.சுக்கு 41. இன்றைய கட்சியாக இருந்தால் அன்று சாயங்காலமே அண்ணனுக்கு டுவிட்டரில் அர்ச்சனை, மறுநாள் காலை ஷோகாஸ் நோட்டீஸ். காமராஜர் என்ன செய்தார் தெரியுமா? எதிர்த்து நின்றவர், அவரை முன்மொழிந்தவர் என இரண்டு பேரையும் கூப்பிட்டு அமைச்சர் ஆக்கிவிட்டார். அதைவிட நாசூக்காக ஒருவரை ஆயுசுக்கும் இரண்டாம் இடத்தில் உட்கார வைக்க முடியாது!

ஆனால் இரண்டாம் இடத்தில் அவர் கில்லாடி. கோப்பு, விதி, நடைமுறை இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஸ்ரீபெரும்புதூரிலும் 1957, 1962 என்று இரண்டு முறை ஜெயித்தார். 1963-ல் கட்சியைக் காப்பாற்றக் காமராஜர் தன் பெயரிலேயே ஒரு பிளான் போட்டு முதல்வர் பதவியை விட்டு இறங்க, அக்டோபர் 2 அன்று பக்தவத்சலம் முதல்வரானார். தேதி காந்தி ஜெயந்தி, நாற்காலி காமராஜருடையது. கடைசியில் அந்தத் தேதிகூட அவருக்கு மிஞ்சவில்லை. 1975-ல் காமராஜர் காலமானதும் ஓர் அக்டோபர் 2-ல்தான்.

வந்த சூட்டிலேயே கன்னியாகுமரிப் பாறை வந்து மோதியது. விவேகானந்தருக்கு அங்கே மண்டபம் கட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை. உள்ளூரில் மதச் சண்டை மூண்டுவிடக் கூடாதே என்ற கவலை முதல்வருக்கு. நியாயமான கவலைதான். ஆகவே மண்டபம் கிடையாது என்றார். மண்டபத்துக்காக அலைந்துகொண்டிருந்த ஏக்நாத் ரானடே டெல்லிக்குப் போய் மூன்றே நாளில் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். (323 எம்.பி.க்கள் மூன்று நாளில் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்பதே ஒரு நினைவு மண்டபம் கட்டத் தகுந்த அதிசயம்.) முதல்வர் இறங்கி வந்தார். எவ்வளவுக்கு? 15 அடிக்கு 15 அடி! உலகத்தையே தன் வீடு என்று சொன்ன துறவிக்கு, மாஸ்டர் பெட்ரூம் சைஸில் ஓர் இடம். பிறகு பேசிப் பேசி அளவு பெரிதாகி, 1970-ல் மண்டபம் திறக்கப்பட்டபோது முதல்வர் கருணாநிதி. கல்லோடு மல்லுக்கட்டியது ஒருவர், ரிப்பன் வேறொருவர் காலத்தில்.

அடுத்து 1965. ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்புகள், துப்பாக்கிச்சூடுகள், போன உயிர்கள். இங்கே எனக்கு ஜோக் வரவில்லை. கோப்பில் இருந்த சட்டம் ஒழுங்கு பிரச்சினை முதல்வர் கண்ணுக்குத் தெரிந்தது, தெருவில் நின்ற கோபம் தெரியவில்லை. 1937 ராஜாஜி ஆட்சியில் இந்தி வந்து என்ன ஆனது என்று உள்ளே இருந்தே பார்த்தவருக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அன்று இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜி 1967-ல் தி.மு.க. கூட்டணி மேடையில் இருந்தார்!

மொழிக்கு மேல் அரிசி. தட்டுப்பாடு, க்யூ, எகிறும் விலை. தி.மு.க. மேடைகளில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்த டிஸ்கவுண்டை யாரும் கவனிக்கவில்லை. "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" என்று தெருவெல்லாம் கோஷம். ஐந்து பக்க அறிக்கையில் பதில் சொல்லக்கூடிய மனிதரிடம், எதுகையில் கேள்வி கேட்டால் அவர் பாவம் என்ன செய்வார்?

போதாக்குறைக்கு அக்கம்பக்கத்திலேயே வேறொரு காட்சி. பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-ல் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கழுத்தில் கட்டுப்போட்ட படம் போஸ்டராகி ஊர் ஊராகப் போயிற்று. தொகுதிக்குள் காலே வைக்காமல் அவர் 27,674 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தப் பக்கம் முதலமைச்சர் முழு ஆரோக்கியத்தோடு நின்றார். தேர்தலில் அது அவ்வளவு பெரிய குறை என்று அப்போதுதான் தெரிந்தது.

ரிசல்ட் வந்தது. காங்கிரசுக்கு 234-ல் ஐம்பது சொச்சம். அமைச்சர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் காலி. காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில், பக்தவத்சலம் 8,926-ல். கணக்குப் போட்டால் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வாழ்நாளிலேயே ஒரு விஷயத்தில் காமராஜரை அவர் நன்றாக முந்திவிட்டார். ஊர் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தோற்ற கையோடு அவர் சொன்னதுதான் நின்றுவிட்டது: நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன. இந்தத் தேர்தலின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் அவர் வரைக்கும் அவ்வளவுதான். அரிசி காரணமில்லை, இந்தி காரணமில்லை, கிருமி!

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். நாலே வருஷத்தில், 1971-ல், இந்திரா காங்கிரஸ் அதே கிருமியோடு கூட்டணி வைத்தது. சட்டமன்றத்துக்கு ஒரு சீட்டில்கூட நிற்காமல், சில எம்.பி. தொகுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மறுபடி ராஜரத்தினமே ஜெயித்தார்.

பிறகு தொகுதி தனித்தொகுதி ஆனது. காங்கிரசின் டி. யசோதா 1980-ல் ஜெயித்தார், கூட்டணி தி.மு.க. 1984-லும் ஜெயித்தார், கூட்டணி அ.தி.மு.க. 2001-ல் அ.தி.மு.க. கூட்டணி, வெற்றி. 2006-ல் தி.மு.க. கூட்டணி, வெற்றி. ஒரே அம்மா, ஒரே கை சின்னம், பக்கத்தில் நிற்கும் கொடி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் குழம்பியதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏரியும் நெல்லுமாக இருந்த தொகுதிக்கு ஹூண்டாய் வந்தது, நோக்கியா வந்தது. வந்த வேகத்தில் நோக்கியா 2014-ல் கடையைக் கட்டியது. இந்தத் தொகுதியில் நிரந்தரமாக இருப்பதாக நினைத்து ஏமாந்தவர் பக்தவத்சலம் ஒருவர் மட்டுமில்லை!

2021-ல் ஜெயித்த கு. செல்வப்பெருந்தகையின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2006-ல் விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் மங்களூர் எம்.எல்.ஏ., அப்புறம் பகுஜன் சமாஜ், அப்புறம் காங்கிரஸ். 2016-ல் இங்கே நின்று அ.தி.மு.க. பழனியிடம் தோற்று, 2021-ல் அதே பழனியைத் தோற்கடித்தார். கூட்டணி, சொல்ல வேண்டுமா, தி.மு.க. 2024-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரும் ஆனார்.

ஆக, 1967-ல் காங்கிரஸ் முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பிய ஸ்ரீபெரும்புதூர், அதற்குப் பிறகு 2021 வரை ஆறு முறை காங்கிரஸ்காரர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஆறு முறையும் பக்கத்தில் ஒரு திராவிடக் கட்சி இருந்தது.